மன்னார்க் காற்றும் சைபை ஆவணமும்

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாட். இப்படியான திட்டங்களுக்காக எழுதப்படும் காற்றுவள அறிக்கைகளில் வழக்கமாக இரண்டு எண்களைக் காணலாம்: வெய்புல் பரம்பலின் வடிவப் பரமானம் ஒன்று, அளவுப் பரமானம் ஒன்று. ஒரு வருடம் முழுக்க மணிக்கொரு தடவை அளந்த 8,760 காற்று வேகங்களை இந்த இரண்டு எண்களுக்குள் அடக்கிவிடுகிறார்கள். விசையாழி எத்தனை மணிநேரம் சுழலும், எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், போட்ட காசு எப்போது திரும்பி வரும் என்ற கணக்கெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2025இல் காற்றாலை விரிவாக்கத்துக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளநீர் வடியும் வழி, வலசை வரும் பறவைகள், கரையோர மீன்பிடி என்று அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒரு பரம்பல் விடை சொல்லாது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எண்களோடு வந்து உட்காரும்போது, அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்த ஒருவராவது ஊரின் பக்கம் இருக்க வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, பைத்தனில் நாலு வரி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையால் அது முடியும். மென்பொருள் இலவசம். வழியில் நிற்கிற பெரிய தடை கணிதமும் அல்ல, பைத்தன் நூலகங்களின் ஆவணம்தான். ஆயிரக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம், எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

காற்றுத் தரவை எங்கே பெறுவது என்று முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். ஒரு வருடத் தரவு உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நம்பை, சைபை என்ற இரண்டு நூலகங்களின் ஆவணங்களுக்குள் ஒரே ஒரு கேள்வியோடு நுழைவோம்: இந்தத் தரவுக்குப் பொருந்தும் வெய்புல் பரம்பல் எது? சார்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு போட்டுத் தட்டச்சிடுங்கள்.

இரண்டு வாசல்கள்

சைபை 2001இல் தொடங்கியது. ட்ராவிஸ் ஒலிஃபன்ட், எரிக் ஜோன்ஸ், பேரு பீட்டர்சன் ஆகியோர் சிதறிக் கிடந்த அறிவியல் நிரல்களை ஒன்று சேர்த்தார்கள். எண்களின் அணிகளைக் கையாளும் நம்பையின் முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. இன்று இரண்டின் ஆவணத் தளங்களும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருக்கின்றன. மேலே சில தலைப்புகள் தெரியும். அவற்றில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு: பயனர் கையேடு, ஏபிஐ ரெஃபரன்ஸ்.

கையேடு பாடம்போல எழுதப்பட்டது. ஒரு துறையில் என்னென்ன கருவிகள் உண்டு, ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று சொல்லும். ரெஃபரன்ஸில் ஒவ்வொரு சார்புக்கும் தனிப் பக்கம் உண்டு. தனக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கம் அதிகம் பேசாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தேடுபொறியில் ஒரு சொல்லைப் போட்டு நேராக ரெஃபரன்ஸ் பக்கத்தில் போய் விழுகிறார்கள். பக்கம் புரியாமல் போவதற்கு அதுவே பாதிக் காரணம். புள்ளிவிபரத்துக்கு இதுவே முதல் தடவை என்றால், கையேட்டில் ஸ்டாட்ஸ் பிரிவின் அறிமுகத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு ரெஃபரன்ஸுக்குப் போங்கள். லோக் (பரம்பலை அச்சில் நகர்த்துவது), ஸ்கேல் (அதை விரிப்பது) என்ற இரண்டு சொற்களும் தொடர்ச்சியான பரம்பல்கள் எல்லாவற்றிலும் ஒரே பொருளில் வருகின்றன என்பது அங்கேதான் விளக்கப்பட்டிருக்கிறது. தனித்தனிப் பக்கங்கள் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது இணையம் இல்லாதபோதும் திறந்திருக்கும். மின்வெட்டு நாளிலும் டேட்டா முடிந்த மாதக் கடைசியிலும் இதை நினைவில் வையுங்கள். நூலகத்தை நிறுவும்போதே ரெஃபரன்ஸ் பக்கங்களின் உரை உங்கள் கணினிக்குள் வந்துவிடுகிறது. பைத்தனில் ஹெல்ப் என்று எழுதி அடைப்புக்குள் சார்பின் பெயரைக் கொடுத்தால் அந்த உரை திரையில் வரும். ஜுப்பிட்டரில் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டாலே போதும். படங்களும் இணைப்புகளும் இருக்காது. எழுத்து அப்படியே இருக்கும். இதில் இன்னொரு நன்மை, நீங்கள் வாசிப்பது உங்களிடம் உள்ள பதிப்பின் ஆவணமாகவே இருக்கும். கையேடு இப்படிக் கணினிக்குள் வருவதில்லை. இணைப்பு இருக்கிற நாளில் அதன் வேண்டிய பக்கங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேடலில் வரும் உறவினர்கள்

தளத்தின் தேடல் பெட்டியில் வெய்புல் என்று போட்டால் ஒரு பெயர் வராது, ஒரு குடும்பமே வரும். வெய்புல்-மின், வெய்புல்-மாக்ஸ், எக்ஸ்பான்வெய்ப், இன்வ்வெய்புல். நம்பைத் தளத்தில் தேடினால் ராண்டம் பிரிவில் வெறும் வெய்புல் என்றே ஒன்று இருக்கிறது.

காற்று வேகத்துக்கு உரியது வெய்புல்-மின். மாக்ஸ் என்ற பெயரைப் பார்த்து அதிக வேகத்துக்கு அதுதான் என்று எடுத்துவிடாதீர்கள். அது பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கான பரம்பல். பெயர்களில் உள்ள மின், மாக்ஸ் இரண்டும் உச்சப் பெறுமானக் கோட்பாட்டிலிருந்து வந்தவை. பல எழுமாற்று எண்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டே போனால் எந்தப் பரம்பலில் போய் முடியும் என்ற கேள்விக்கான விடைகளில் ஒன்று வெய்புல். சுவீடன் பொறியியலாளர் வலோடி வெய்புல் இதைப் பொருள்கள் உடையும் வலிமையை விளக்கப் பயன்படுத்தினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1951இல் வெளிவந்தது. காற்று ஆய்வாளர்கள் பின்னால் வந்து இதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சங்கிலியின் பலவீனமான கண்ணியைப் பற்றிய கணக்கு காற்று வேகத்துக்குப் பொருந்தியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பொருந்துவதைக் கண்டு ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் தரவுக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்களே பார்க்க வேண்டிய காரணமும் இதில் இருக்கிறது.

நம்பையில் இருக்கும் வெய்புல் எண்களை எழுமாற்றாக உண்டாக்கித் தரும். பரமானங்களை மதிப்பிட்டுத் தராது. தேடல் முடிவில் சார்பின் பெயரை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னால் எந்தப் பிரிவின் பெயர் நிற்கிறது என்று பாருங்கள். காமா என்ற பெயரில் இது இன்னும் முக்கியம். ஸ்பெஷல் பிரிவில் உள்ள காமா ஒரு சார்பு. எண்ணைக் கொடுத்தால் எண் வரும். ஸ்டாட்ஸ் பிரிவில் உள்ள காமா ஒரு பரம்பல். வெய்புலின் இடையைக் கையால் கணிக்க உங்களுக்கு வேண்டியது முதலாவது.

ஒரு பக்கத்தை வாசிப்பது

நம்பைக்கும் சைபைக்கும் ஒரே எழுத்து ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் ஒரு வரிச் சுருக்கம். பிறகு பரமானங்கள், திருப்பித் தருவது, எழக்கூடிய பிழைகள், இவற்றையும் பார்க்க, குறிப்புகள், மேற்கோள்கள், எடுத்துக்காட்டுகள். எல்லாப் பக்கத்திலும் எல்லாப் பகுதியும் இருக்காது. ஆனால் இருப்பவை இந்த வரிசையில்தான் வரும்.

வாசிப்பவர் அந்த வரிசையில் போக வேண்டியதில்லை. சாதாரணச் சார்பு என்றால் எடுத்துக்காட்டை முதலில் பாருங்கள். பரம்பல், தொகையீடு, உகப்பாக்கம் போன்ற கணித விடயம் என்றால் குறிப்புகள் பகுதிக்கு முதலில் போங்கள். சூத்திரம் அங்கே இருக்கிறது. எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதும் அங்கேதான் இருக்கிறது.

வெய்புல்-மின் பக்கம் இதற்கு நல்ல உதாரணம். காற்றுத் துறை நூல்களில் வடிவப் பரமானத்தை கே என்ற எழுத்தாலும் அளவுப் பரமானத்தை சி என்ற எழுத்தாலும் குறிப்பது வழக்கம். சைபையில் சி என்பது வடிவம். அளவுக்கு ஸ்கேல் என்று பெயர். நம்பையின் ராண்டம் பிரிவில் அதே வடிவத்துக்கு ஏ என்று பெயர். ஒரு கருத்துக்கு மூன்று எழுத்து, ஒரு எழுத்துக்கு இரண்டு கருத்து. குறிப்புகள் பகுதி இதை ஒளிக்கவில்லை. சி என்பது விக்கிப்பீடியாவின் கே, நம்பையின் ஏ என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மேலே இருக்கும் பரமான வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர் கண்ணில் அது படாது. அறிக்கையில் கே 2, சி 8 என்று இருப்பதைப் பார்த்து சைபையின் சி என்ற இடத்தில் 8ஐப் போட்டால், கணினி எந்த முறைப்பாடும் இல்லாமல் ஒரு விடையைத் தரும்.

இதைவிட ஆபத்தான பொறி ஒன்று அதே பக்கத்தில், மெத்தட்களின் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு மெத்தடுக்கும் அடைப்புக்குள் என்னென்ன எந்த வரிசையில் வரவேண்டும் என்று கொடுத்திருப்பார்கள்: முதலில் சி, பிறகு லோக், கடைசியில் ஸ்கேல். லோக்கின் இயல்புநிலை 0, ஸ்கேலின் இயல்புநிலை 1. இப்போது இடையைக் கணிக்கும் மெத்தடுக்குள் 2, 8 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால், 8 போய் உட்காரும் இடம் லோக். கிடைக்கும் விடை 8.89. ஸ்கேல் என்று பெயர் சொல்லி 8ஐக் கொடுத்தால் கிடைக்கும் விடை 7.09. இரண்டுமே ஒரு கரையோரக் காற்றுக்கு நம்பக்கூடிய வேகங்கள். 80 என்றோ மறை எண் என்றோ வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 8.89 யார் கண்ணையும் உறுத்தாது. இயல்புநிலை உள்ள எந்தப் பரமானத்தையும் பெயர் சொல்லியே கொடுங்கள் என்பதை இந்த நூலில் நான் எங்கே விட்டுக்கொடுத்தாலும் இங்கே விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது பொருத்தும் வேலை. பட்டியலில் ஃபிட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. அதற்கு எதிரே ஒரே வரிதான். விரிவான விளக்கத்துக்கு வேறொரு பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் அந்த வரியோடு நின்றுவிடாமல் இணைப்பை அழுத்துங்கள். ஆர்வி-கன்டினியுவஸ் என்ற பொது வகுப்பின் ஃபிட் பக்கம் திறக்கும். தொடர்ச்சியான பரம்பல்கள் அனைத்துக்கும் பொதுவான விளக்கம் அங்கே ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் வெறுமையாகத் தெரிந்தால் விளக்கம் எழுதாமல் விட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். மேலே உள்ள பொது வகுப்பில் அது இருக்கும்.

அங்கே போனால்தான் எஃப்லோக் கண்ணில் படும். லோக்கை ஒரு எண்ணில் நிலையாகப் பிடித்து வைக்க அது உதவுகிறது. கொடுக்காவிட்டால் ஃபிட் மூன்று பரமானங்களையும் சேர்த்துத் தேடும். தரவோடு இன்னும் கொஞ்சம் நெருங்குவதற்காக லோக்கை மறை எண்ணுக்கும் தள்ளிவிடும். லோக் மறை எண் என்றால், காற்று வேகம் பூச்சியத்துக்குக் கீழே போக நிகழ்தகவு இருக்கிறது என்று பொருள். அப்படி வரும் வடிவப் பரமானத்தை அறிக்கையில் உள்ள கே எண்ணோடு ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் அது இரு பரமான வெய்புலுக்கு உரியது. ஆகவே காற்றுக்கு எஃப்லோக் 0. திருப்பித் தருவது என்ற பகுதியையும் வாசியுங்கள்: வடிவம் முதலில், லோக் நடுவில், ஸ்கேல் கடைசியில். மூன்று எண்கள் வரும். இரண்டு என்று எண்ணி வாங்கினால் நிரல் நின்றுவிடும்.

சூத்திரத்தின் பக்கத்தில் எக்ஸ் பூச்சியத்தைவிடப் பெரியது என்று ஒரு சிறு நிபந்தனை இருக்கிறது. காற்றே அசையாத மணிநேரங்கள் தரவில் 0 என்று பதிவாகியிருக்கும். அவற்றைத் தனியாக எண்ணி, மொத்தத்தில் எத்தனை பங்கு என்று குறித்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பொருத்துங்கள். அளவி பழுதான மணிநேரங்கள் வெறுமையாக இருந்தால், முடிவுள்ள எண் அல்லாத பெறுமானம் இருக்கிறது என்று ஃபிட் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்திக்கு நன்றி சொல்லுங்கள். வெறுமையை 0 என்று நிரப்பி அதன் வாயை அடைத்தால் மன்னாரில் இல்லாத அமைதியை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

விடை தெரிந்த கணக்கு

பக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அறிய, சொந்தத் தரவைத் தொடுமுன் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். வடிவம் 2, ஸ்கேல் 8 என்று வையுங்கள். வேகம் விநாடிக்கு 3 மீற்றரைத் தாண்டும் நிகழ்தகவு என்ன? பட்டியலில் எஸ்எஃப் என்ற மெத்தட் இதற்கு உரியது. கையால் செய்தால் 3ஐ 8ஆல் வகுத்து வர்க்கம் எடுக்க 0.1406, அதன் மறை எண்ணுக்கு அடுக்கேற்றச் சார்பு 0.869. போனில் உள்ள கல்குலேட்டரே போதும். ஒரு வருடத்தில் அது ஏறத்தாழ 7,610 மணிநேரம். சைபையும் 0.869 தந்தால் சி, லோக், ஸ்கேல் மூன்றும் சரியான இடத்தில் இருக்கின்றன.

பிறகு ஃபிட்டையும் சோதியுங்கள். ஆர்விஎஸ் மெத்தட் மூலம் அதே பரமானங்களில் 8,760 எழுமாற்று எண்களை உண்டாக்கி, அவற்றையே ஃபிட்டுக்குக் கொடுங்கள். 2க்கும் 8க்கும் மிக அருகில் திரும்பி வர வேண்டும். எஃப்லோக் இல்லாமல் ஒரு தடவை, எஃப்லோக் 0 கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விளக்கத்தில் வாசித்தது அப்போது கண்ணுக்கே தெரியும்.

இடை வேகத்தை மட்டும் சொல்லி ஓர் இடத்தைப் புகழும் அறிக்கைகளை வாசிக்கவும் இந்தச் சோதனை உதவும். காற்றின் வலு வேகத்தின் கனத்தோடு ஏறுகிறது. மேலே உள்ள பரம்பலில் இடை 7.09, அதன் கனம் 356. ஆனால் வேகங்களின் கனங்களுக்கு இடை எடுத்தால் 681. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்பெஷல் பிரிவின் காமாவுக்கு 2.5ஐக் கொடுத்து, வரும் 1.329ஐ 8இன் கனத்தால் பெருக்கினால் இதைச் சரிபார்க்கலாம். காற்றின் அடர்த்தியை 1.225 என்று எடுத்தால் சதுர மீற்றருக்கு 417 வாட். அந்த 1.225 என்பது கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பநிலைக்கான எண். 30 பாகை வெயிலில் மன்னாரின் காற்று 1.16 அளவில்தான் இருக்கும். ஏறத்தாழ 5 சதவீதம் அங்கேயே குறைந்துவிடுகிறது. சைபை இதை எந்தப் பக்கத்திலும் சொல்லாது. சொல்ல வேண்டியது அதன் வேலையும் அல்ல.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்

வேகத்தைத் திறனாக மாற்ற விசையாழியின் திறன் வளைகோடு வேண்டும். உற்பத்தியாளர் தரும் அட்டவணையில் இடைப்பட்ட வேகங்களுக்குப் பெறுமானம் காண நம்பையின் இன்டர்ப் போதும். அதன் பக்கத்தில் லெஃப்ட், ரைட் என்று இரண்டு பரமானங்கள் இருக்கின்றன. கட்டாயமில்லை என்று போட்டிருப்பதால் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அட்டவணையைத் தாண்டிய வேகத்துக்கு அட்டவணையின் கடைசிப் பெறுமானமே திருப்பித் தரப்படும் என்பது ரைட்டின் இயல்புநிலை. பெருங்காற்றில் விசையாழி பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். அப்போது திறன் 0. உங்கள் நிரலோ முழுத் திறனில் மின்சாரம் கொட்டுவதாகக் கணக்குப் போடும். ரைட் 0 என்று எழுதிவிடுங்கள். அட்டவணையின் வேகங்கள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று இன்டர்ப் சோதிப்பதில்லை என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் இருக்கிறது. வரிசை குலைந்திருந்தால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை.

எந்தப் பக்கத்தை வாசித்தாலும், நான் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தச் சார்பு என்ன முடிவு எடுக்கும் என்ற கேள்வியோடு பரமானப் பட்டியலில் கீழே இறங்குங்கள். கட்டாயமானவற்றை நீங்கள் எப்படியும் கொடுப்பீர்கள். கொடுக்காமல் விட்டவைதான் உங்கள் பெயரில் முடிவெடுக்கின்றன.

காற்றின் திசைக்கும் இது பொருந்தும். 350 பாகையும் 10 பாகையும் வடக்கை ஒட்டியவை. சாதாரண இடை 180 என்று தெற்கைக் காட்டும். இதற்காகவே ஸ்டாட்ஸ் பிரிவில் சேர்க்மீன் இருக்கிறது. அதன் ஹை என்ற பரமானத்தின் இயல்புநிலை இரண்டு பை, அதாவது ஆரையன். பாகையில் கொடுப்பதென்றால் ஹை 360 என்று சொல்ல வேண்டும். ஈஆர்ஏ5 போன்ற வானிலைத் தரவில் காற்று கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என இரண்டாகப் பிரிந்து வரும். அதிலிருந்து திசை காண ஆர்க்டான்2ஐத் திறந்தால், முதல் இடம் ஒய்யுக்கு, இரண்டாவது எக்ஸுக்கு என்று எழுதியிருக்கும். அது கணிதக் கோணம்: கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளப்பது. காற்றுத் திசையோ வடக்கிலிருந்து வலஞ்சுழியாக, காற்று எங்கிருந்து வருகிறது என்று அளப்பது. ஆகவே இரண்டு கூறுகளின் குறியையும் மாற்றி, கிழக்குக் கூறை முதலாவதாகக் கொடுக்க வேண்டும். ஆவணத்தையும் வானிலை வழக்கத்தையும் அருகருகே வைத்து, தெற்கிலிருந்து வரும் காற்று ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, விடையைப் பாகைக்கு மாற்றி, மறை எண் என்றால் 360ஐக் கூட்டியபின் 180 வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சோளகமும் வாடையும்

இத்தனையும் சரியாகச் செய்தபின் ஒரு தடை மிஞ்சுகிறது. அது ஆவணத்தில் இல்லை. மன்னாரில் காற்று இரண்டு. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் ஓயாமல் வீசும். ஆண்டின் முடிவிலும் தொடக்கத்திலும் வடகிழக்கிலிருந்து வாடை. நடுவே ஏப்ரலிலும் ஒக்டோபர் பக்கத்திலும் கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாள்கள் உண்டு. முழு வருடத்தையும் ஒரே குவியலாக்கி ஃபிட்டுக்குக் கொடுத்தால் அது மறுக்காது. இரண்டு காற்றுக்கும் நடுவே, எந்த மாதத்துக்கும் உரியதல்லாத ஒரு வளைகோட்டைத் தரும்.

சேர்க்மீனும் இதேபோல ஏமாற்றும். 45 பாகை வாடையும் 225 பாகை சோளகமும் நேரெதிர்த் திசைகள். சம அளவில் இருந்தால் அவற்றுக்கு இடைத்திசை என்று ஒன்றே கிடையாது. கணினி ஏதாவது ஓர் எண்ணைத் தரும். அந்தத் திசையில் மன்னாரில் காற்று வீசவே வீசாது. கடலுக்குப் போகிறவரிடம் எந்த மாதம் எந்தக் காற்று என்று கேட்டு, அவர் சொல்லும் மாத எல்லைகளில் தரவைப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாகப் பொருத்துங்கள். எந்த ஆவணத்திலும் கிடைக்காத தகவல் அது. மாதவாரியான இடை வேகங்களை வரைந்தால் அவர் சொன்னது சரியென்று தரவும் காட்டும்.

பொருந்தியது நன்றாகப் பொருந்தியதா என்று பார்க்கப் பலரும் கேஎஸ்டெஸ்ட்டை எடுப்பார்கள். பரமானங்களை முன்னரே அறிந்திருக்கிறோம் என்ற எடுகோளில் நிற்கும் சோதனை அது. அதே தரவிலிருந்து பரமானங்களை மதிப்பிட்டுவிட்டு அதே தரவை அதனிடம் கொடுத்தால் பி பெறுமானம் அளவுக்கு மீறி நல்லதாகத் தெரியும். 1.10 பதிப்பில் வந்த குட்னஸ்-ஆஃப்-ஃபிட் இந்தத் தேவைக்காகவே எழுதப்பட்டது. இருந்தாலும் மணிக்கு மணி வரும் காற்று வேகங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. இந்த மணி பலமாக வீசினால் அடுத்த மணியும் அப்படித்தான். ஆகவே பி பெறுமானத்தில் அதிகம் தொங்காமல், தரவின் பட்டை வரைபையும் பொருத்திய வளைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து கண்ணால் பார்ப்பதையே நான் விரும்புவேன்.

புயலுக்கு இது எதுவும் பொருந்தாது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவில் தொடங்கி விடியுமுன் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல் சேவையை முடித்துவைத்த காற்று, தினசரிக் காற்றின் பரம்பலிலிருந்து நீட்டி அளக்கக்கூடியது அல்ல. அதற்கு ஒவ்வொரு வருடத்தின் உச்ச வேகங்களை மட்டும் எடுத்து ஜென்எக்ஸ்ட்ரீமில் பொருத்துவார்கள். அந்தப் பக்கத்தின் குறிப்புகளில் ஒரு வரி இருக்கிறது: பல நூல்களும் மென்பொருள்களும் வடிவப் பரமானத்தின் குறியை இதற்கு எதிர்மாறாக எடுக்கின்றன என்று. நூலில் 0.1 என்று இருப்பது சைபையில் மறை 0.1. குறி மாறினால் புயலுக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறதா இல்லையா என்ற விடையே தலைகீழாகும். கூரை கட்டுகிறவருக்கு அது சிறிய வித்தியாசம் இல்லை.

பதிப்பு எண்

பழைய பாடக்குறிப்பிலிருந்து எடுத்த நிரல் ஓடாவிட்டால் முதலில் பதிப்பைப் பாருங்கள். தொகையீட்டுக்குப் பல வருடங்களாக எல்லோரும் எழுதிவந்த ட்ராப்ஸ், சிம்ப்ஸ் இரண்டும் சைபையின் இன்டக்ரேட் பிரிவிலிருந்து 2024இல் வந்த 1.14 பதிப்பில் நீக்கப்பட்டன. இப்போது ட்ராபிசாய்டு, சிம்ப்சன் என்று முழுப் பெயர். நம்பையும் அதே ஆண்டின் 2.0 பதிப்பில் ட்ராப்ஸைக் கைவிடப்படுவது என்று குறித்து, ட்ராபிசாய்டைக் கொண்டுவந்தது. ஆவணத் தளத்தின் மேல் மூலையில் எந்தப் பதிப்பின் பக்கம் இது என்று தெரியும். அதுவும் உங்கள் கணினியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பழைய பதிப்புகளின் ஆவணங்களும் தளத்தில் கிடைக்கின்றன. தேடுபொறி பல வேளைகளில் வருடக்கணக்கில் பழைய பக்கத்தை முதலில் தரும். லெகசி என்று முத்திரையிட்ட சார்புகள், உதாரணமாக இன்டர்ப்1டி, இன்னும் ஓடும். புதிதாக எழுதும்போது அவற்றை எடுக்க வேண்டாம் என்பதே அந்த முத்திரையின் பொருள். பரம்பல்களுக்கே ஒரு புதிய கட்டமைப்பு 1.15 பதிப்பிலிருந்து சேர்ந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நாம் பயன்படுத்தியது பழைய வழி.

கடைசியாக, கிடைத்த எண்களோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டியவை: நம்பை, சைபை பதிப்பு எண்கள், எந்தப் பிரிவின் எந்தச் சார்பு, எஃப்லோக் எந்த எண்ணில் பிடிக்கப்பட்டது, அமைதி மணிநேரங்கள் எத்தனை, அவற்றை என்ன செய்தீர்கள், எந்த மாதங்கள், தரவு தரையிலிருந்து எத்தனை மீற்றர் உயரத்துக்கு உரியது. இவை கூடவே இருந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் இன்னொருவர் அதே தரவை எடுத்து அதே கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். விடை மாறினால் எந்த வரியில் மாறுகிறது என்று உங்களுக்குக் காட்டவும் முடியும். நீங்கள் வாசிக்கும் அறிக்கைகளிலும் இதே விபரங்களைத் தேடுங்கள். இல்லையென்றால், எழுதியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதான்.